றப்பர் பூட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்ற்: பழைய பிக்கப்புக்குத் தகடும் பீடிங்கும் பொருத்தும் முறை

என் மொறிஸ் மைனர் பிக்கப்பின் இடதுபக்கக் கதவுக்குப் பெயின்ற் அடித்து, பொலிஷ் போட்டு, கடைசியாக, கதவு வாயிலைச் சுற்றிவரும் றப்பரான பீடிங்கைப் புதிதாக ஒட்டினேன். கதவைச் சாத்தினேன். சாத்துப்படவில்லை. பின்விளிம்பின் கீழ்மூலை ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நின்றது. ஓங்கி அடித்தால் லொக் பிடித்தது, ஆனால் மேலே கண்ணாடிச் சட்டத்தின் பக்கம் காற்றுப் போகும் அளவுக்கு வெளி தெரிந்தது. மூன்று மாதமாகத் தகட்டு வேலை செய்து ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து வைத்திருந்தேன். அவ்வளவும் றப்பர் இல்லாமல் அளந்த அளவு. பிணைச்சலைத் தளர்த்தித் திரும்பச் சரிப்படுத்தும்போது கதவைத் தாங்கும் தூணின் ஓரத்தில் உள்ளங்கையளவு புதுப் பெயின்ற் உரிந்து வந்தது.

கோண்டாவில் பக்கம் நெடுங்காலம் டிங்கர் வேலை (வண்டித் தகட்டுத் திருத்தம்) செய்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கதவைத் திறந்து பீடிங்கைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். கையை எடுத்த பிறகும் அது ஓரளவு நேரம் பள்ளமாகவே கிடந்தது. "தம்பி, கதவும் றப்பரும் ரெண்டு சாமான் இல்லை. ஒண்டை விட்டிட்டு மற்றதை அளந்தால் அளவு பிழைக்கும்" என்றார். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். தகட்டைப் பொருத்துவது ஒரு வேலை, றப்பர் போடுவது அதற்குப் பிறகு வரும் இன்னொரு வேலை என்று பிரிக்காதீர்கள். பெயின்ற் வாளியைத் திறக்கும் முன்னரே எல்லாத் தகடும் எல்லா றப்பரும் ஒருமுறை வண்டியில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானிய வண்டிகளுக்குக் குறைவில்லை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் போர்க்காலத்தில் புது வாகனம் வர வழியில்லாததால் இங்கே ஓடிக்கொண்டே இருந்தன. எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் கார்ப்பரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படிப் பிழைத்த வண்டிகளின் என்ஜினை இன்றும் ஊரில் எவரும் திருத்தித் தருவார்கள். தகட்டு உடலான பொடிதான் பிரச்சினை. கடற்காற்றும் உவரும் கறளுக்குத் தீனி. அந்தக் கறளை வெட்டி எடுத்த பிறகு தகடுகள் பழைய இடத்தில் உட்கார மறுக்கும்.

மைனர் கார் 1948இல் வந்தது. பிக்கப்பும் வானும் 1953இல் சேர்ந்து, 1971 வரை செய்யப்பட்டன. காருக்கும் பிக்கப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காரில் பொடியே சட்டம். பிக்கப்புக்குக் கீழே தனிச் சேசி இருக்கிறது. கபின் ஒரு துண்டு, பின்பெட்டி இன்னொரு துண்டு, இரண்டும் சேசியில் போல்ட்டால் உட்காருகின்றன. இதனால் ஒரு வசதி, பெட்டியைத் தனியே கழற்றி வைத்து வேலை செய்யலாம். ஒரு தொல்லையும் உண்டு, சேசி வளைந்திருந்தால் மேலே நீங்கள் செய்யும் எதுவும் நேராக வராது. நான் சொல்பவை மைனரில் கற்றவை. கேம்பிரிட்ஜ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் இதேதான்.

கழற்றும் முன்

முதல் நாள் ஸ்பனரைத் தொடவேண்டாம். வண்டியை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு இடைவெளிகளை அளந்து, அந்தந்த இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டி அளவை அதிலேயே எழுதுங்கள். இப்போதிருக்கும் அளவு சரியான அளவாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதில் தெரியும். கதவின் முன்னிடைவெளி மேலே அகன்று கீழே குறுகி, பின்விளிம்பும் தாழ்ந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. அல்லது தூணின் அடி கறளில் போய்விட்டது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பை இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். தூணில் நிற்கும் பிணைச்சல் அசையாமல் கதவு மட்டும் ஆடினால் பிணைச்சல் ஊசி தேய்ந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெருப்பித்துப் புது ஊசி போடலாம். பிணைச்சலோடு சேர்ந்து தூணே ஆடினால் தூணைத்தான் பார்க்கவேண்டும். தேய்ந்த பிணைச்சலில் இடைவெளி சரிசெய்வது மணலில் கோடு கிழிப்பது மாதிரி, நாளைக்கு இருக்காது.

கழற்றும்போது பிணைச்சலுக்குப் பின்னால், மட்காட்டுக்கும் தூணுக்கும் நடுவில், கபின் தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் அகப்படும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையிலோ பிறகு வந்த ஒருவரோ இடைவெளி சரிவர வைத்த பக்கிங் அவை. ஒவ்வொன்றையும் அதன் போல்ட்டோடு ஒரு பையில் போட்டு, இடம், பக்கம், எத்தனை துண்டு என்று எழுதிவையுங்கள்.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் பெரும்பாலும் அங்குல மரை. கால் அங்குலப் போல்ட்டின் தலைக்கு 7/16 ஸ்பனர், 5/16 அங்குலத்துக்கு 1/2 ஸ்பனர். இடைக்காலத்தில் யாரோ 8 மில்லிமீற்றர் போல்ட்டைத் திணித்திருப்பார்கள். அது 5/16 நட்டில் ஒரு சுற்றுப் போகும், பிறகு இறுகி மரையைத் தின்றுவிடும். 6 மில்லிமீற்றர் போல்ட் கால் அங்குல நட்டில் ஆடிக்கொண்டே நிற்கும். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் அங்குலப் போல்ட் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். இல்லாவிட்டால் கொழும்பு போகிறவரிடம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மரையைக் கெடுத்துக்கொண்டு அவசரப்படவேண்டாம்.

சேசியும் கபினும்

சமமான சீமெந்துத் தரை வேண்டும். மண் வளவில் செய்தால் ஒரு மழைக்குப் பிறகு எல்லா அளவும் மாறிவிடும். சேசியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, தரையில் சோக்கால் குறியிடுங்கள். குறிகளுக்கிடையே நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் 5 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. அதற்கு மேல் போனால் பொடிக்கு வரும் முன் சேசியை நேராக்கவேண்டும். அதை அந்த வேலைக்கான சாமான் உள்ள கராஜில் செய்விப்பதே நல்லது.

தாங்கிகளை வைக்கும் இடமும் முக்கியம். சேசியின் நடுவில் ஜக் கொடுத்து நிறுத்தினால் முன்னும் பின்னும் மெல்லத் தொங்கும். அந்த நிலையில் கதவைச் சரிப்படுத்தி, பிறகு சக்கரத்தில் இறக்கினால் இடைவெளி மாறியிருக்கும். வண்டி ரோட்டில் எப்படிப் பாரம் தாங்குமோ அப்படியே நிறுத்துங்கள். தாங்கி அச்சுக்கு அடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சக்கரத்திலேயே நிற்கட்டும். கடைசி அளவு எடுக்கும்போது என்ஜினும் அதன் இடத்தில் இருப்பது நல்லது.

கபின் உட்காரும் றப்பர் தாங்கிகளைப் புதிதாகப் போடுங்கள். பழையவை ஒரு பக்கம் நசுங்கி, ஒரு பக்கம் கல்லாக இறுகியிருக்கும். சிலர் ரியூப் றப்பரை மடித்து வைக்கிறார்கள். அது சில மாதத்தில் சப்பையாகிவிடும், கபின் சரிந்து கதவு இடைவெளியும் கூடவே சரியும். தாங்கி கிடைக்காவிட்டால் கன்வேயர் பெல்ற் றப்பரை வட்டமாக வெட்டிப் பயன்படுத்தலாம். நாலு மூலைக்கும் ஒரே தடிப்பு இருக்கவேண்டும்.

கறளை வெட்டுவது

இதை நீளமாகச் சொல்லப்போவதில்லை. வெல்டிங்கைக் கையால்தான் கற்கவேண்டும். பொருத்துவதோடு சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்கள் மட்டும்.

கதவுக்குக் கீழுள்ள படியையோ தூணின் அடியையோ வெட்டும் முன், கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்பு அங்கிள் வைத்துத் தற்காலிகமாக ஒட்டுங்கள். ஒட்டாமல் வெட்டினால் வாயில் தானாகச் சுருங்கும் அல்லது அகலும், பிறகு எந்தக் கதவும் அதற்குள் அமையாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டவும் வேண்டாம்.

தகட்டை ஒரே ஓட்டத்தில் வெல்ட் செய்யாதீர்கள். இங்கே பல இடங்களில் இன்னும் கேஸ் வெல்டிங்தான். அதன் சூடு பெரிய இடத்துக்குப் பரவித் தகட்டை அலையாக்கும். ஓரங்குலத்துக்கு ஒரு பொட்டு, ஒன்று இந்த முனை, அடுத்தது அந்த முனை என்று மாறி மாறி வைத்து, நடுவில் ஆறவிடுங்கள். மிக் வெல்டிங் கிடைத்தால் அது மேல்.

மூன்றாவது, வெட்டிய இடத்தை ஒட்டி முடித்ததும் உடனே கதவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எல்லாத் தகட்டு வேலையும் முடியட்டும் என்று காத்திருந்தால், எந்த ஒட்டில் பிழைத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

வெறும் இரும்பைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவவேண்டாம். நம் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும், கரையோரம் என்றால் உப்பும் இருக்கும். கழுவிய மறுநாளே மஞ்சள் படரும். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றே எபொக்சி பிறைமர் ஒரு கோட் கொடுங்கள். பள்ளம் நிரப்பும் கட்டலோய் பூசுவது அந்தப் பிறைமருக்கு மேலேதான். கட்டலோய் ஈரத்தை உறிஞ்சும். கறளுக்கு மேல் பூசினால் உள்ளே கறள் வளர்ந்து, ஒரு மாரி முடிய அப்பமாக உப்பும்.

ஒழுங்கு: கதவிலிருந்து முன்னால்

புதியவர்கள் பெரும்பாலும் மட்காட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதுதான் கண்ணுக்குத் தெரிகிற அழகு. ஆனால் மட்காட்டை எந்தப் பக்கமும் கொஞ்சம் நகர்த்தலாம், கபினை நகர்த்த முடியாது. அசையாததிலிருந்து அசைவதற்குப் போங்கள். முதலில் கபின், அதில் கதவு, கதவின் முன்விளிம்புக்கு ஏற்ப மட்காட், இரண்டு மட்காட்டுக்கும் நடுவில் பொனட், கடைசியில் முன்கிறில் தகடு. பின்பெட்டி கபினின் பின்சுவரைப் பார்த்து அமையும்.

கதவைத் தொங்கவிடும் முன் தூணிலுள்ள லொக் கொளுவியைக் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் கதவைத் தூக்கிப் பிடித்துப் பொய்யான நேரைக் காட்டும். பிணைச்சல் ஸ்குரூக்களை அசையும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கதவை வாயிலில் சாத்தி, இடைவெளிகளில் அளவுகுச்சி செருகுங்கள். நான் பயன்படுத்துவது ஐஸ்கிறீம் குச்சி. ஒன்று ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், இரண்டை ஒட்டினால் 4. நாலு மில்லிமீற்றரிலிருந்து ஐந்துக்குள் சுற்றிவர ஒரே அளவு வருவது நல்ல வேலை. இந்த வண்டிகள் புதிதாக வந்தபோதே இன்றைய கார் மாதிரித் துல்லியமாக இருந்ததில்லை, எனவே இரண்டு மில்லிமீற்றராக்க அலையவேண்டாம். சுற்றிவர ஒரே அளவாக இருந்தால் கண் அதை நேரென்று ஏற்றுக்கொள்ளும்.

முதலில் மேலும் கீழும் உயரம், பிறகு முன்னும் பின்னும், அதன் பிறகு உள்ளும் வெளியும். இந்த ஒழுங்கை மாற்றினால் ஒன்றைத் திருத்த மற்றது பிழைத்துக்கொண்டே போகும். உள்ளும் வெளியும் என்பது கதவுத் தகடு கபின் தகட்டோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பது. கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், அரை மில்லிமீற்றர் படியையும் விரல் சொல்லும். முன்விளிம்பு கொஞ்சம் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை. வெளியே நிற்கக் கூடாது. நின்றால் கதவைத் திறக்கும்போது மட்காட்டில் உரசும்.

இனித்தான் அன்று நான் செய்யாமல் விட்ட வேலை. கதவு நேராக வந்ததும், நீங்கள் கடைசியில் போடப்போகும் அதே பீடிங்கை வாயிலில் செருகுங்கள். ஒட்டவேண்டாம், மாஸ்கிங் ரேப்பால் பிடித்தால் போதும். லொக் கொளுவியைத் திரும்பப் பூட்டிக் கதவைச் சாத்துங்கள். இப்போது கதவு எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான இடம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளியே தள்ளினால் பீடிங் தடிப்புக் கூடியது அல்லது கொளுவி வெளியே இருக்கிறது. ஒரு மூலை மட்டும் தள்ளினால் கதவு முறுக்கியிருக்கிறது. பிணைச்சல் பக்கம் மட்டும் தள்ளினால் பிணைச்சலின் பக்கிங்கைக் குறைக்கவேண்டும், அல்லது அந்தப் பக்கத்துக்கு மெல்லிய பீடிங் தேவை.

முறுக்கிய கதவை நேராக்கப் பெரியவர் எனக்குக் காட்டிய முறை இது. எந்த மூலை வெளியே நிற்கிறதோ அதற்கு நேர் எதிரே, கதவுக்கும் வாயிலுக்கும் நடுவில் துணி சுற்றிய மரக்கட்டை ஒன்றை வையுங்கள். வெளியே நிற்கும் மூலையை உள்ளங்கையால் மெல்ல, மெல்ல, திரும்பத் திரும்ப அமத்துங்கள். கீழ்மூலை வெளியே என்றால் கட்டை மேலே. ஒவ்வொரு அமத்தலுக்கும் பிறகு கட்டையை எடுத்துச் சாத்திப் பாருங்கள். அவர் ஏழெட்டுத் தரம் அமத்தினார், ஒவ்வொரு தரமும் சாத்திப் பார்த்தார், ஒருமுறைகூட அவசரப்படவில்லை. இதை வெறும் தகட்டில் செய்யவேண்டும். பெயின்ற் அடித்த கதவில் செய்தால் வெடிக்கும்.

பீடிங் எவ்வளவு நசுங்கவேண்டும்? மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் தண்ணீர் வராது, கதவும் தள்ளாது. பாதிக்கு மேல் நசுங்கினால் றப்பர் சீக்கிரம் செத்துவிடும். பார்க்க இரண்டு வழி. ஒன்று, ஒரு கடதாசிக் கீற்றைப் பீடிங்குக்கு மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுப்பது. கொஞ்சம் இறுக்கத்தோடு வந்தால் சரி. இழுக்காமலே வந்தால் அங்கே வெளி, கிழிந்து வந்தால் அங்கே இறுக்கம் அதிகம். ஓர் அடிக்கு ஒருமுறை சுற்றிவர இழுங்கள். மற்றது, பீடிங்கில் முகப்பவுடரோ சோக்குத் தூளோ தடவிக் கதவைச் சாத்தித் திறப்பது. கதவில் பவுடர் படாத இடமெல்லாம் மாரியில் ஒழுகும் இடம்.

கதவு முடிந்ததும் மட்காட். எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் செருகிவிட்டு, கதவோரத்துப் போல்ட்டிலிருந்து இறுக்கத் தொடங்குங்கள். மட்காட்டுக்கும் பொடிக்கும் நடுவில் வரும் பைப்பிங்கையும் இப்போதே வைத்துப் பாருங்கள், அதுவும் தடிப்புள்ள சாமான். பழைய பைப்பிங் கிடைக்காவிட்டால் குஷன் வேலை செய்யும் கடையில் றெக்சினும் பிளாஸ்ரிக் கயிறும் கொடுத்துத் தைப்பிக்கலாம். போல்ட் வரும் இடங்களில் அதன் வாலைக் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிவிட்டால் வளைவில் சுருங்காமல் படியும்.

பொனட் பின்னால் பிணைச்சலில் தொங்குவது. நல்ல இரண்டு பேர் வேண்டும், தனியே தூக்கினால் கண்ணாடிப் பக்கத்துத் தகடு நிச்சயம் கீறும். அதன் கீழே வரும் றப்பர் மொட்டுகளை வைத்த பிறகே உயரத்தைத் தீர்மானியுங்கள். அப்போது முன்கிறில் தகடு தானாகவே தன் இடத்தைக் காட்டும்.

பின்பெட்டியில் ஒன்றே ஒன்று. கபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள வெளி இடமும் வலமும் மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கட்டும், அந்த வெளியை எதையும் வைத்து அடைக்கவேண்டாம். ஒழுங்கையின் குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேசி முறுகும், கபினும் பெட்டியும் வேறுவேறாக அசையும். அடைத்தால் ஒன்று மற்றதைத் தள்ளிப் பெயின்ற்றை உடைக்கும்.

எல்லாம் அமைந்ததும், ஒவ்வொரு பிணைச்சலையும் அடையாளப்படுத்த அதனூடாக 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். பெயின்ற்றுக்குப் பிறகு அந்தத் துளையில் ஒரு கம்பியைச் செருகினால் கதவு பழைய இடத்துக்கே வந்துவிடும். திரும்ப ஒரு நாள் முழுக்க அளக்கத் தேவையில்லை.

றப்பரைத் தெரிவு செய்வது

கதவுக்கு மென்மையான பஞ்சு றப்பர், கண்ணாடிக்குக் கெட்டியான றப்பர். இதை மாற்றிப் போட்டால் இரண்டும் பிழை. இபிடிஎம் என்ற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் வெயிலுக்கு இயற்கை றப்பர் மேலே நுண்ணிய வெடிப்பாகி, வளைவுகளில் பிளக்கும். கடையில் ஒரு சாண் துண்டு வாங்கி இரண்டாக மடித்து, இரவு முழுக்கக் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துப் பாருங்கள். நேராகத் திரும்பினால் வாங்கலாம். மடிப்பு அப்படியே நின்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அன்று நான் போட்டிருந்த பீடிங் இந்தச் சோதனையில் தோற்றிருக்கும்.

மைனருக்கென்று வார்த்த றப்பர்களை இங்கிலாந்திலிருந்து இன்னும் வரவழைக்கலாம். முன்கண்ணாடி றப்பருக்கு அந்தச் செலவு தகும், ஏனெனில் அதன் வடிவத்தை மீற்றர் கணக்கில் விற்கும் பீடிங்கில் பிடிக்க முடியாது. வாங்கும்போது வண்டியின் வயதைச் சொல்லுங்கள். 1956க்கு முந்தியவற்றில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டு, பிந்தியவற்றில் வளைந்த ஒரே துண்டு. கதவு றப்பரை உள்ளூரிலேயே வாங்கலாம், பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோய் வெட்டுமுகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த றப்பரிலும் மண்ணெண்ணெய், கிறீஸ், கழிவு ஒயில் படவேண்டாம். ஊதிப் பிசுபிசுத்துப்போகும். கதவுக்குள்ளும் தூணுக்குள்ளும் கறள் பிடியாமல் கழிவு ஒயில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது வழிந்து பீடிங்கில்தான் வந்து நிற்கும். மெழுகுவகை மருந்தைத் தெளித்தால் இரும்பும் தப்பும் றப்பரும் தப்பும்.

பெயின்ற்

காலத்தை மட்டும் சொல்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரம் கூடிய காலம், வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்றுப் புழுதியைக் கிளப்பும். மாசி, பங்குனிதான் திறந்த கொட்டிலில் அடிப்பதற்கு வாய்ப்பான மாதங்கள். வெறும் பிறைமரோடு வண்டியை மாரியில் விடாதீர்கள், எபொக்சிக்கு மேல் அடிக்கும் பிறைமர் தண்ணீரை உள்ளே விடும். தகடுகளைக் கழற்றி, விளிம்பும் உட்புறமும் சேர்த்து அடிப்பது நல்லது. தகட்டு மூட்டுகளுக்குப் பொலியூறதேன் சீலர் போடுங்கள். மீன்தொட்டிக்குப் பூசும், புளித்த மணம் வீசும் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், அது இரும்பை அரிக்கும், அதன்மேல் பெயின்ற்றும் ஒட்டாது.

கண்ணாடி போடும் நாள்

பெயின்ற் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். இரண்டு மூன்று கிழமை விட்டால் நல்லது. கூரைத் துணி இருந்தால் அது முதலில், ஏனென்றால் அதன் ஓரத்தைக் கண்ணாடி றப்பர்தான் பிடிக்கும்.

கண்ணாடியை மேசையில் பழைய கம்பளி விரித்து வைத்து, றப்பரை அதைச் சுற்றி மாட்டுங்கள். றப்பரின் வெளிப்பள்ளத்தில், அதாவது பொடித் தகடு வந்து உட்காரும் பள்ளத்தில், 3 அல்லது 4 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றைச் சுற்றிவர அமுக்குங்கள். இரண்டு நுனியும் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து உள்ளே தொங்கவேண்டும். பொடித் தகட்டின் விளிம்பிலும் றப்பரிலும் சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள்.

வெளியே ஒருவர் கண்ணாடியைக் கீழ்விளிம்பிலிருந்து உட்காரவைத்து உள்ளங்கையால் அமத்த, உள்ளே ஒருவர் கயிற்றின் ஒரு நுனியை மெல்ல இழுக்கவேண்டும். கயிறு வரவர, றப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே புரளும். வெளியே நிற்பவரின் கை எப்போதும் கயிறு வரும் இடத்துக்கு நேரே இருக்கவேண்டும். இதுதான் முழு வித்தையும். இழுப்பவர் அவசரப்பட்டால் கயிறு றப்பரைக் கிழிக்கும். மூலையில் இறுகினால் நிறுத்தி, இன்னும் சவர்க்காரம் தடவி, வெளியே கொஞ்சம் தட்டிவிட்டுத் தொடருங்கள். கண்ணாடியைக் கையால் குத்தவேண்டாம்.

நானும் என் தங்கை மகனும் முதல்தரம் இதைச் செய்தபோது ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அவன் உள்ளேயிருந்து "மாமா, வருது, வருது" என்று சொல்லச் சொல்ல, மேல்மூலையில் றப்பரின் உதடு 'சப்' என்று தகட்டைத் தாண்டி விழுந்த சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. பின்கண்ணாடிக்கு இருபது நிமிடம் போதுமாயிருந்தது.

கண்ணாடி உட்கார்ந்த பிறகு, றப்பரின் வெளிப்பக்கத்தில் பூட்டும் கீற்றுக்குரிய பள்ளம் இருந்தால் அதைச் செருகுங்கள். கீற்றின் மூட்டும் றப்பரின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் பாருங்கள். பிறகு கண்ணாடிக்கும் றப்பருக்கும், றப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் இறுகிப்போகாத வகை சீலரை மெல்லிய மூக்கால் விடுங்கள்.

கதவுப் பீடிங்கை ஒட்டும்போது மூட்டு கீழே வரட்டும். கம்மை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அமத்துங்கள். றப்பரை இழுத்து ஒட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இழுத்த றப்பர் பிறகு சுருங்கி மூலையில் வெளி விடும். மூலைகளில் கொஞ்சம் தள்ளித் தள்ளி, கூடுதலாகவே வையுங்கள். முனையை ஒரு சென்ரிமீற்றர் கூடுதல் நீளமாக வெட்டி, இரண்டையும் முட்டி நெருக்கி ஒட்டுங்கள். அன்றிரவு கதவைச் சாத்தியே விடுங்கள். முதல் சில நாள் கதவு இறுக்கமாக இருக்கும், அதற்காகக் கொளுவியை உடனே வெளியே எடுக்கவேண்டாம்.

கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கதவுக் கண்ணாடியின் ஓரமாக எப்போதும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும், அது அந்தத் துளைகளால் வெளியேறியே ஆகவேண்டும். உள்மட்டைக்குப் பின்னால் பொலித்தீன் தாள் ஒட்ட மறக்காதீர்கள்.

தண்ணீர் பார்ப்பது

கம்மும் சீலரும் காய்ந்ததும், மழைக்குக் காத்திருக்காமல் தண்ணீர்க் குழாயை எடுங்கள். ஒருவர் டோர்ச் லைற்றோடு கபினுக்குள் இருக்கட்டும். உள்மட்டை, தரைவிரிப்பு எதுவும் இன்னும் போட்டிருக்கக் கூடாது. தண்ணீரை அடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் கதவின் கீழ்விளிம்பு, ஐந்து நிமிடம். பிறகு பக்கம். பிறகு கதவின் மேல். பிறகு கண்ணாடியின் அடி, கண்ணாடியின் மேல். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எந்த இடத்தால் வந்தது என்று பிடிக்க முடியாது. விசையாகப் பீச்சவும் வேண்டாம், மழை மாதிரி வழிந்தால் போதும்.

உள்ளே ஒரு சொட்டுக் கண்டால் அந்த இடத்தைத் துடைத்து, சொட்டு வந்த வழியே மேலே பாருங்கள். தண்ணீர் விழுகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் இன்னொன்று. என் வண்டியில் சாரதியின் காலடியில் தேங்கிய தண்ணீர் கதவால் வந்ததென்று இரண்டு நாள் பீடிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில் நுழைந்து, தகட்டின் உட்புறமாக ஓடி, தூண் வழியாக இறங்கியிருந்தது. அந்த மூலையில் றப்பரின் உதடு அரை விரல் நீளத்துக்கு மடிந்து கிடந்தது. ஒரு மரக்கரண்டிக் காம்பால் அதை நிமிர்த்தி, சீலர் கொஞ்சம் விட்டதும் நின்றுவிட்டது.

இதெல்லாம் சரியென்றால் வண்டியை ஓட்டுங்கள். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய் வந்தால் காற்றும் உப்பும் ஒருங்கே சோதிக்கும். வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடிய பிறகு கபின் தாங்கிகள், பிணைச்சல்கள், மட்காட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பாருங்கள். புது றப்பர் படிந்ததால் பெரும்பாலானவை கால் சுற்று ஏற்கும். அதன் பிறகு ஐஸ்கிறீம் குச்சியை எடுத்துக் கதவைச் சுற்றி ஒருமுறை செருகி, முதல் நாள் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் இன்றைய அளவையும் எழுதிவையுங்கள். அடுத்த மாரிக்கு முன்னர் அது தேவைப்படும்.